புதுக் காய்ச்சல் பரவும்போது: உடம்பின் எதிர்ப்பு சக்தி பற்றிச் சேலத்திலும் ஏற்காட்டிலும் கேட்கப்படும் கேள்விகள்

புதுவகை ஃப்ளூ பரவுகிறது என்று செய்தி வந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்புகிறது. "நமக்கெல்லாம் எதிர்ப்பு சக்தி இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்பது ஒன்று. "வந்தால் அவ்வளவுதான்" என்பது இன்னொன்று. இரண்டுமே ஆளைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். உடம்பின் இயற்கையான எதிர்ப்பு உண்மையானது, வலிமையானதும்கூட. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தால்தான் யாரை எப்போது எப்படிக் காப்பது என்பது விளங்கும். அடிக்கடி காதில் விழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாதாரணச் சளிக்கும் ஃப்ளூவுக்கும் என்ன வித்தியாசம்?

சளி மெல்ல வரும். முதலில் தும்மல், பிறகு மூக்கொழுகல், இரண்டு நாள் கழித்து லேசான அலுப்பு. ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் தறிக்குப் போனவர் மதியம் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலிக்கிறது என்று வந்து படுத்துவிடுவார். திடீர்க் காய்ச்சல், தலைவலி, தசைவலி, வறட்டு இருமல் எல்லாம் சேர்ந்து வரும். கிருமி உள்ளே போன 1 முதல் 4 நாளுக்குள் அறிகுறி தெரியும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றலாம். ஃப்ளூவை அடக்குவது இவ்வளவு கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வருஷா வருஷம் ஃப்ளூ வருகிறதே, "புது" ஃப்ளூ என்றால் என்ன?

ஃப்ளூ கிருமியின் மேல்தோலில் இரண்டு புரதங்கள் முக்கியம்: ஹீமகுளுட்டினின், நியூராமினிடேஸ். எச்1என்1, எச்3என்2 என்ற பெயர்களில் வரும் எச், என் இவைதான். கிருமி பெருகும்போது இவற்றில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வருஷா வருஷம் காய்ச்சல் வருகிறது. இந்தியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு ஏற்றம், மழைக்குப் பின் இன்னொரு ஏற்றம் என்று இரண்டு பருவங்கள் உண்டு. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது தமிழ்நாடெங்கும் காய்ச்சல் முகாம்கள் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அது புதுக் கிருமி அல்ல, 1968 முதல் மனிதர்களிடம் சுற்றிவரும் வகைதான்.

புது ஃப்ளூ வேறு. கிருமியின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரு பன்றியின் உடலில் இரண்டு வகைக் கிருமிகள் ஒரே நேரத்தில் புகுந்தால் அந்தத் துண்டுகள் இடம் மாறிக் கலந்து, மனிதர்கள் அதுவரை சந்திக்காத ஒன்று பிறக்கலாம். 2009-இல் வந்த எச்1என்1 அப்படிப் பிறந்ததுதான். நாம் பன்றிக் காய்ச்சல் என்று சொன்னோமே, அது. அந்த ஆண்டு ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தெரியவந்தது, மே மாதமே இந்தியாவுக்குள் நுழைந்தது, ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 1918, 1957, 1968 ஆகிய ஆண்டுகளிலும் புது ஃப்ளூ உலகைச் சுற்றியது. 1918-இல் இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

உடம்பின் இயற்கையான எதிர்ப்பு சக்தி எப்படி வேலை செய்கிறது?

பலரும் இதை ஒரே பொருளாக நினைக்கிறார்கள், ஏதோ டேங்கில் தண்ணீர் போல, கூடும் குறையும் என்று. உண்மையில் அது பல அடுக்கு.

முதல் அடுக்கு பிறவியிலேயே வருவது. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள சளிப்படலமும், அதை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களும் கிருமியைப் பிடித்து வெளியேற்றும். தப்பிய கிருமி ஒரு செல்லுக்குள் புகுந்தால், அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். காய்ச்சல், உடம்புவலி, சோர்வு எல்லாம் பெரும்பாலும் இந்த அடுக்கின் வேலைதான். இது எந்தக் கிருமி வந்தாலும் சில மணி நேரத்தில் கிளம்பிவிடும், பழையதா புதியதா என்று பார்க்காது. அதனால் புது ஃப்ளூவிலும் இது நமக்கு உண்டு.

இரண்டாவது அடுக்கு கற்றுக்கொள்வது. முதல்முறை சந்திக்கும் கிருமிக்கு எதிராக எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்க உடம்புக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் நுரையீரலுக்குச் சேதம் வருகிறது. ஆனால் கற்றது எளிதில் மறக்காது. 1918 காய்ச்சலைச் சின்ன வயதில் பார்த்த முதியவர்களின் ரத்தத்தை 90 ஆண்டுகள் கழித்து, 2008-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சோதித்தார்கள். அந்தப் பழைய கிருமியை முடக்கும் எதிர்ப்புப் புரதம் இன்னும் இருந்தது. உடம்பின் நினைவாற்றலுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதில் டி செல்கள் என்ற ஒரு பிரிவு உண்டு. எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கிருமியின் மேல்தோலைப் பார்க்கின்றன, டி செல்களோ கிருமியின் உள்ளே இருக்கும், அதிகம் மாறாத புரதங்களையும் அடையாளம் காணும். அதனால் முன்பு வேறு ஃப்ளூ வந்தவர்களுக்குப் புது ஃப்ளூ வந்தாலும் கொஞ்சம் உதவி கிடைக்கும். தொற்றாமல் தடுக்க முடியாவிட்டாலும் நோயின் கடுமையைக் குறைக்கும்.

தட்டம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வருவதில்லை. ஃப்ளூ மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கிருமி மாறுவதுதான் காரணம். உடம்பு மறந்துவிடவில்லை. தட்டம்மைக் கிருமி தலைமுறை தலைமுறையாக ஏறக்குறைய அதே முகத்துடன் வருகிறது. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபேரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை வந்தது, பிறகு 65 ஆண்டுகள் அங்கே வரவே இல்லை. 1846-இல் மீண்டும் வந்தபோது ஊரே படுத்தது, முன்பு அம்மை கண்ட முதியவர்களுக்கு மட்டும் வரவில்லை. ஃப்ளூவில் இப்படி நடக்காது. போன வருஷம் பார்த்த முகமும் இந்த வருஷம் வரும் முகமும் சற்றே வேறு. "எனக்குப் போன வருஷமே வந்து போயிடுச்சு" என்பது அரைக் காப்புதான்.

2009-இல் தாத்தா பாட்டிகளை விட இளவயதுக்காரர்கள்தானே அதிகம் படுத்தார்கள்?

ஆமாம். வழக்கமான ஃப்ளூவில் இறப்பவர்களில் பெரும்பாலோர் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். 2009-இல் தலைகீழ்: உலகளவில் இறந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 65 வயதுக்குக் கீழ் என்று மதிப்பிடப்பட்டது. 1957-க்கு முன்னால் பிறந்தவர்கள் சிறுவயதில் சந்தித்தது 1918 வழிவந்த எச்1என்1 வகைகளை. அந்தப் பழைய அறிமுகம் அவர்களில் பலரைக் காப்பாற்றியது. 1957 முதல் 1968 வரை சுற்றியது எச்2என்2, அதன் பிறகு எச்3என்2. முதன்முதலில் எந்த வகை நம் உடம்பில் பதிகிறதோ அது வாழ்நாள் முழுவதும் நம் எதிர்ப்பின் போக்கைத் தீர்மானிக்கிறது. ஆக, அடுத்த புது ஃப்ளூ எந்த வயதினரை அதிகம் தாக்கும் என்பது எந்த வகை வருகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டில் ஆயாவுக்குத்தான் ஆபத்து, பையனுக்கு ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம்.

மலைக்காற்று சுத்தமானது, ஏற்காட்டுக்காரர்களுக்கு எதிர்ப்பு சக்தி அதிகம் என்கிறார்களே?

சுத்தமான காற்று நுரையீரலுக்கு நல்லது, மறுப்பில்லை. உழைத்து உரமேறிய உடம்பும் நல்லதுதான். ஆனால் பார்த்திராத கிருமிக்கான நினைவை மலைக்காற்று தராது. உலக அனுபவம் கசப்பானது. 1918 நவம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வந்த ஒரு கப்பல் பசிபிக் கடலில் உள்ள மேற்கு சமோவாத் தீவுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது. கடலும் காற்றும் சூழ வாழ்ந்த அந்த மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்துபோனார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது, அங்கே ஒரு சாவுகூட இல்லை. இரண்டு தீவிலும் ஒரே மக்கள், ஒரே உடல்வாகு.

இங்கே மே மாதக் கோடை விழாவின்போது எத்தனை ஊர் ஆட்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை எஸ்டேட் லைன் வீடுகளில் குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எத்தனை பேர் ஒரே அறையில் தூங்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். குளிர் மட்டும் ஃப்ளூவை உண்டாக்காது. குளிருக்குப் பயந்து சாத்திய அறை அதைப் பரப்பும்.

எல்லாருக்கும் ஒரு தடவை வந்து போய்விட்டால் நல்லதுதானே? இயற்கையாக எதிர்ப்பு சக்தி வந்துவிடுமே?

நோய் வந்து மீண்டவருக்கு அந்தக் கிருமிக்கு எதிரான நல்ல எதிர்ப்பு வரும், அதில் மூக்கிலும் தொண்டையிலும் சுரக்கும் எதிர்ப்புப் புரதமும் அடங்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கான விலையை யார் கொடுப்பது? 2009 கிருமி "லேசானது" என்றுதான் பெயரெடுத்தது. அதுவே முதல் ஆண்டில் உலகளவில் சுமார் 1,51,700 முதல் 5,75,400 பேரைக் கொன்றிருக்கலாம் என்பது மதிப்பீடு. கர்ப்பிணிகள், உடல் பருமன் உள்ளவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் எந்த நோயும் இல்லாத திடகாத்திரமான ஆட்களும் அதில் இருந்தார்கள்.

வேண்டுமென்றே போய்த் தொற்றிக்கொள்வது என்ற யோசனை அப்போது சில நாடுகளில் உலவியது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு லேசாக வந்து போகலாம், உங்களிடமிருந்து பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குப் போவது லேசாக இருக்காது. ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் படுத்தால் ஆஸ்பத்திரியில் கட்டிலும் ஆக்சிஜனும் ஆளும் பத்தாது. தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் நேரம் வாங்கித் தருகிறது.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர், மிளகு ரசம்: எது பலன் தரும்?

இவை மூன்றும் நம் வீட்டுப் பழக்கங்கள், அவற்றை இழிவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. டெங்கு காலத்தில் நிலவேம்பும், 2020-இல் கொரோனா வந்தபோது கபசுரமும் அரசு மூலமாகவே வழங்கப்பட்டன. அளவோடு குடிப்பதில் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை. கர்ப்பிணிகளும், சிறு குழந்தைகளும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அரசு மருத்துவமனையில் உள்ள சித்த மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

ஆனால் ஒரு டம்ளர் கஷாயம் குடித்ததால் புது ஃப்ளூ தொற்றாது என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. கசப்பாகக் குடித்தாயிற்று என்ற தைரியத்தில் மூச்சு வாங்குபவரை இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. மிளகு ரசமும் கஞ்சியும் காய்ச்சல்காரருக்கு அருமையான உணவு, நீர்ச்சத்தும் உப்பும் உள்ளே போகும். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு இளகும், கிருமி சாகாது. குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் உட்கார வைக்காதீர்கள், சுட்டுக்கொள்ளும் விபத்துகள் நடக்கின்றன.

சத்து மாத்திரை, "இம்யூனிட்டி" பவுடர்?

உடம்பில் குறை இருந்தால் அதை நிரப்புவது பலன் தரும். குறை இல்லாதவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி ஏறிக்கொண்டே போகாது. அந்தக் காசுக்கு முட்டை, பயறு, கீரை, பழம் வாங்கலாம். தூக்கம் இதைவிட முக்கியம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் பீடி சிகரெட்டை விடுவதும் எந்த டப்பாவில் வரும் பவுடரையும்விடப் பெரிய உதவி, ஏனென்றால் புகை முதல் அடுக்கின் நுண்மயிர்களை நேரடியாகக் கெடுக்கிறது.

தடுப்பூசி இயற்கைக்கு எதிரானது இல்லையா?

இயற்கையான கற்றல் முறையைத்தான் அது பயன்படுத்துகிறது. நுரையீரலைப் பணயம் வைக்காமல் கிருமியின் முகத்தை உடம்புக்கு அறிமுகம் செய்கிறது. போட்ட பின் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். வருடாந்திர ஃப்ளூ ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. 6 மாதம் நிறைந்த குழந்தை முதல் போடலாம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாததால் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு இது பாரம், இது மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உண்மையையும் சொல்ல வேண்டும்: வருடாந்திர ஊசி புத்தம்புது ஃப்ளூவைத் தடுக்கும் என்று உறுதி கிடையாது. புதுக் கிருமிக்கு ஊசி தயாராகச் சில மாதங்கள் ஆகும். 6 மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு ஊசி போட முடியாது. தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டால் அந்த எதிர்ப்பு குழந்தைக்கும் போகும். தாய்ப்பாலிலும் எதிர்ப்புப் புரதங்கள் உண்டு. தாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம்.

பறவைக் காய்ச்சல் என்றால் நாமக்கல் முட்டையை நிறுத்திவிட வேண்டுமா?

வேண்டாம். நன்றாக வெந்த முட்டையும் கறியும் பாதுகாப்பானவை. உள்ளே வரை 70 டிகிரி செல்சியஸ் சூடேறினால் கிருமி சாகும். அரை வேக்காடு, பச்சை முட்டை வேண்டாம். செத்த கோழி, காக்கையைக் கையால் தொடாதீர்கள், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

பட்டறையிலும் தறிக்கூடத்திலும் பஸ்ஸிலும் எப்படிப் பாதுகாத்துக்கொள்வது?

அம்மாப்பேட்டைத் தறிக்கூடமோ, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையோ, ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலோ, கணக்கு ஒன்றுதான்: எத்தனை பேர், எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நேரம், காற்றோட்டம் எப்படி. இதில் எதைக் குறைத்தாலும் உள்ளே போகும் கிருமியின் அளவு குறையும், முதல் அடுக்கு சமாளிக்க வாய்ப்பு கூடும்.

பட்டறையில் இரண்டு பக்க ஜன்னலையும் திறந்து வையுங்கள். பஸ்ஸில் மழை இல்லாதபோது ஷட்டரை ஏற்றிவிடுங்கள். கூட்டத்தில் மாஸ்க் போடுங்கள், மூக்குக்குக் கீழே தொங்கும் மாஸ்க்கால் பயனில்லை. ஒரே சொம்பில் எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கைப்பிடி, செல்போன் போன்ற வழுவழுப்பான பரப்பில் கிருமி ஒரு நாள், இரண்டு நாள்கூடத் தங்கும், அதனால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: காய்ச்சல் வந்த ஆளுக்குச் சம்பளத்தோடு சில நாள் லீவு கொடுங்கள். ஒருவர் கூலிக்குப் பயந்து வந்தால் பட்டறையே படுத்துவிடும்.

காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கலாமா?

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும், குழந்தைகளுக்கு எடை பார்த்து அளவு கேளுங்கள். ஆன்டிபயாடிக் ஃப்ளூ கிருமியைத் தொடாது. மழைக்காலத்தில் இங்கே டெங்குவும் கூடவே சுற்றுகிறது, இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுபோலவே இருக்கும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம், ஃப்ளூ வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் மூளையையும் ஈரலையும் தாக்கும் அபூர்வ நோயைக் கொண்டுவரலாம். "செட் மாத்திரை" என்று கலந்து கொடுப்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

ஃப்ளூவுக்கென்று உள்ள மருந்து ஓசெல்டாமிவிர். டாக்டர் சீட்டு வேண்டும். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். லேசாக உள்ள எல்லாருக்கும் அது தேவையில்லை. கர்ப்பிணி, முதியவர், சின்னக் குழந்தை, நாள்பட்ட நோயாளி என்றால் முதல் நாளே டாக்டரைப் பாருங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? மலைக் கிராமத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது?

மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, உதடோ நகமோ நீலம் பாரிப்பது, பேச்சில் குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம், சளியில் ரத்தம், சிறுநீர் குறைவது. குழந்தை என்றால் பால் குடிக்காமை, விலா எலும்பு உள்ளிழுக்க மூச்சு விடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருந்தால், சேலத்தில் 94-க்குக் கீழே போனால் உடனே கிளம்புங்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நல்ல உடம்பிலேயே ஒன்றிரண்டு புள்ளி குறைவாகக் காட்டலாம். அதனால் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துக் குறித்து வைத்தால், பிறகு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

நாகலூர், வெள்ளக்கடை பக்கம் உள்ளவர்களுக்குத் தூரம் ஒரு தனிப் பிரச்சினை. முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை, நிலைமை முற்றினால் மலை இறங்கிச் சேலத்தில் உள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மழையில் பாதையில் மண் சரிவதும் உண்டு. ஆகவே மலையில் இருப்பவர்கள் சமவெளிக்காரர்களைவிட ஒரு படி முன்பே முடிவெடுக்க வேண்டும். எந்த ஜீப், யார் ஓட்டுவார், ராத்திரி கூப்பிட்டால் வருவாரா என்று காய்ச்சல் ஊருக்குள் வரும் முன்பே பேசி வையுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் இதைக் கேளுங்கள்.

காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போகலாமா?

மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு போகலாம். பெரியவர்களிடமிருந்து ஐந்து முதல் ஏழு நாள் வரை கிருமி வெளியேறும், குழந்தைகளிடமிருந்து இன்னும் சில நாள் கூடுதலாக. அதனால் அந்த வாரம் முழுக்க மாஸ்க் போடுங்கள், ஆயாவோடும் கைக்குழந்தையோடும் ஒரே அறையில் படுக்காதீர்கள். இருமலும் அசதியும் இரண்டு வாரம்கூட இழுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்று: நன்றாகித் தேறி வந்தவருக்கு மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி காய்ச்சலும் மஞ்சள் சளியும் மூச்சிரைப்பும் வந்தால், அது பெரும்பாலும் ஃப்ளூ புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா புகுந்த நிமோனியா. 1918-இல் இறந்தவர்களில் பெரும்பாலானவர்களைக் கொண்டுபோனது அதுதான். இன்று அதற்கு ஆன்டிபயாடிக் இருக்கிறது, ஆனால் அன்றைக்கே போனால்தான் முழுப் பலன்.